டச்சுக் குளத்துப் பச்சைத் தண்ணீர்

எறா, அதாவது இறால், பிடிக்கத் தண்ணீரில் இறங்கிவிட்டால் எங்கள் குப்பத்துப் பெண்கள் பேச மாட்டார்கள். பேச முடியாது. இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பிடித்த எறாவைப் போட்டு வைக்கும் பறி வாயில் இருக்கும். பறி என்பது பனை ஓலையில் முடைந்த பை. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து போவோம். கையில் ஓர் எறா அகப்பட்டால் தூக்கிப் பறிக்குள் போடுவோம், மறுபடி தடவுவோம். கரையேறும்வரை வாயைத் திறக்க வழியில்லை.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். நான் சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரி. எட்டாவது வரை படித்தேன். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது எனக்குக் குரல் வராது. பக்கத்தில் இருக்கும் பெண்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள். கல்யாணமாகி வந்த பிறகும் அப்படியே. என் வீட்டுக்காரரின் தங்கை கனகா, ஊரில் யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வாள்: "மத்தவங்கல்லாம் தண்ணியில எறங்கினாத்தான் வாயில பறி. எங்க அண்ணி கண்ணாலத்துக்கே பறியோடதான் வந்துச்சு."

அப்படிப்பட்ட நான் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசினேன். எப்படி நடந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் எழுதுகிறேன். எங்களைப் போலத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

பழவேற்காட்டு ஏரி உப்புத் தண்ணீர். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே முகத்துவாரம் திறந்திருந்தால்தான் எறா உள்ளே வரும். அந்த வருஷம் முகத்துவாரத்தில் மண் மூடிப்போனது. ஏரியில் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் பெண்கள் எல்லோரும் குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் டச்சுக் குளத்துக்குப் போனோம். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு இருந்தபோது கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் பிடிக்க வெட்டிய குளம் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, இந்தப் பக்கத்தில் உப்பு இல்லாத தண்ணீர் அங்கேதான் நிற்கும். அதில் சின்ன எறாவும் குரவை மீனும் உண்டு.

ஏரியில் ஆண்கள் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. குளத்தில் பெண்களும் அப்படித்தான் வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஓர் இடம். ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி கைவைக்க மாட்டாள். அவள் வரமுடியாத நாளில் அவள் வீட்டு ஆள் வந்து அந்த இடத்தில் இறங்கலாம். நான் யார் பக்கத்திலும் இல்லாமல் தனியாக இருக்கட்டும் என்று மேற்கு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடல் காற்று அடித்தால் குளத்தில் மிதக்கிற குப்பை, நுரை எல்லாம் அந்த மூலைக்குத்தான் வந்து ஒதுங்கும். எவளும் அதைக் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் குளம் பச்சையானது. சாதாரணப் பாசி இழை இழையாக இருக்கும், கையில் எடுக்கலாம். இது அப்படி இல்லை. யாரோ பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி மேலே மிதந்தது. என் மூலையில் தயிர் ஆடை போலத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஈரப் புல் அழுகின நாற்றம். டச்சுக் கல்லறை பார்க்க வந்தவர்கள் இந்தப் பக்கமும் வந்து, என்ன அழகான பச்சை என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் எறா கொட்டியது. மற்ற நாட்களில் விரல் பட்டதும் பின்னால் துள்ளி ஓடுகிற எறா, விடியற்காலையில் கரையோரம் மயங்கினது போலக் கிடந்தது. அள்ளிப் போட வேண்டியதுதான். பச்சை ஏறினால் எறா ஏறும் என்று கனகா சொல்ல, எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தோம். அந்தப் பாசி ராத்திரியில் தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் இழுத்துவிடும், எறா மூச்சுத் திணறித்தான் மேலே வந்திருக்கிறது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கனகாவின் ஆடு இரண்டு குளத்தங்கரையில் செத்துக் கிடந்தன. பாம்பு கடித்திருக்கும் என்று நினைத்தோம்.

முதலில் என் வாயின் இரண்டு ஓரத்திலும் கொப்புளம் வந்தது. சூடு என்று வெண்ணெய் தடவினேன். பிறகு வயிற்று வலி, வாந்தி. சோறு என்ற பேச்சைக் கேட்டாலே குமட்டியது. ஒருநாள் காலையில் என் மகள் வசந்தி காப்பியைக் கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "நைனா, அம்மா கண்ண வந்து பாரேன்" என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். கண் மஞ்சளாக இருந்ததாம்.

காட்டூரில் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் போனோம். அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பல் ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்தார். மருந்து அரைக்கவே இல்லை. இது தன் கைக்கு அடங்காது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். பொன்னேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துமுன் வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தண்ணீர் வேலை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"நீ இன்னாத்துக்கும் கவலப்படாதம்மா. உன் மூலைய நான் பாத்துக்கறேன்" என்றாள். என் பறியைத் தோளில் மாட்டியிருந்தாள்.

எனக்கு அவ்வளவு வலியிலும் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி என்றால் முக்கால் பங்கு காத்திருப்பதுதான். ரத்தம் கொடுக்கக் காத்திருக்க வேண்டும், ஸ்கேன் எடுக்கக் காத்திருக்க வேண்டும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சுகளில் என் வீட்டுக்காரர் பேசாத ஆள் இல்லை. அவர் எனக்கு நேர் எதிர். ஊரில் அவர் சொல்வதில் எது நிஜம் எது கேலி என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் அம்மாவைச் சிரிக்கவைத்ததில், அவர்கள் ஆபரேஷன் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். ஆனால் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அவர் என் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பார், சூடாக இருக்கிறதா என்று. நான் கண்ணைத் திறக்க மாட்டேன்.

எனக்கு வைத்தியம் பார்த்தது ஒரு டாக்டரம்மா. வயது குறைவு. திருநெல்வேலிப் பக்கம். எதையும் புரியும்படி சொல்வார். கல்லீரல் செல்கள் உடைந்தால் அதற்குள் இருக்கும் சில பொருட்கள் ரத்தத்தில் கசியும். அதை அளக்கும் சோதனைக்கு எஸ்.ஜி.பி.டி. என்று பெயர். எனக்கு அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. இன்னொன்று ஐ.என்.ஆர். ரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கான கணக்கு. ரத்தத்தை உறையவைக்கும் பொருளைக் கல்லீரல்தான் செய்கிறது. கல்லீரல் சோர்ந்துபோனால் அது குறையும், ஐ.என்.ஆர். ஏறும், ஈறில் ரத்தம் வரும். முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணைத்தான் டாக்டரம்மா பார்த்துப் பார்த்துப் பயந்தார். அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நாங்கள் வானத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறவர்கள், முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

என்ன வியாதி என்பதுதான் தெரியவில்லை. காமாலை வரவைக்கும் கிருமிகள் ஏ, பி, சி, ஈ என்று இருக்கின்றன. எல்லாச் சோதனையும் இல்லை என்றே வந்தது. தண்ணீரில் வேலை செய்கிறவள் என்பதால் எலிக் காய்ச்சலுக்குப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. காய்ச்சல் மாத்திரை அதிகம் போட்டேனா, நாட்டு மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "இது சோடா குடிக்கவே வெக்கப்படும் டாக்டரம்மா" என்றார்.

குளத்துத் தண்ணீரைக் குடித்தேனா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அது நிஜம். வீட்டில் குடிப்பதற்கு லாரித் தண்ணீர். குளத்துத் தண்ணீரை நான் ஒரு நாளும் குடித்ததில்லை. வாயில் பறி இருந்ததைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. மறைக்கவில்லை. செருப்புப் போட்டு நடந்தேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அது மாதிரிதான்.

கனகா பஸ் மாறி மாறி வந்து கஞ்சி கொடுத்துவிட்டு, தலையை வாரிப் பின்னிவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் வசந்தியைப் பற்றிப் புகழ்வாள். உன் மூலையில்தான் எறா மொய்க்கிறது, பொண்ணு உன்னைவிடக் கைக்காரி, விடிவதற்குள் போய் முதலில் இறங்குகிறாள் என்பாள். ஒரு தடவை வசந்திக்கு உதட்டோரம் லேசாக வெடித்திருக்கிறது, வெயில் பழக்கமில்லை பார் என்றாள். நான் சிரித்தேன். வெண்ணெய் தடவச் சொன்னேன்.



ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே இருந்தது. ரத்தம் உறைவதற்காக வைட்டமின் ஊசி போட்டார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள். இது இறங்காவிட்டால் வேறு பெரிய இடத்துக்கு, கல்லீரல் மாற்றுகிற இடத்துக்குப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் திரும்பி வந்து என்னிடம், "ஒண்ணுமில்ல, உனக்கு வேற வார்டு தராங்களாம், அங்க டிவி கீதாம்" என்றார். அவர் கேலி பேசும்போது கண் சிரிக்கும். அன்றைக்குக் கண் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடி ஸ்கேனுக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். இடது கையில் ஊசி குத்தியிருந்தது. வலது கையால் குளுகோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ள வேண்டும். ரிப்போர்ட் எல்லாம் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. நான் யோசிக்கவே இல்லை. கவரைப் பல்லால் கவ்விக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

எதிரே டாக்டரம்மா வந்தார். என்னைத் தாண்டி இரண்டடி போனவர் நின்றார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார். என் வாயையே பார்த்தார். கவரைப் பார்க்கவில்லை. வாயின் ஓரத்தில் இருந்த புண்ணைப் பார்த்தார். கவர் விளிம்பு சரியாக அந்தப் புண் இருந்த இடத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"இப்படித்தான் எப்பவும் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

வாயில் கவர் இருந்ததால் நான் தலையாட்டினேன்.

அதற்குள் டீயோடு வந்துவிட்ட என் வீட்டுக்காரர், இவள் வேலை அப்படி, பறியை வாயில் கடித்துக்கொண்டுதான் எறா பிடிப்பாள் என்று குளத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேச்சு நிற்காமல் போனது. எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரம்மா கேட்டார். குந்தினால் கழுத்தளவு, குனிந்து தடவினால் தாடை வரை என்றார். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றார். எப்படிப்பட்ட பச்சை? பெயின்ட் மாதிரி. ஏதாவது ஆடு மாடு செத்ததா? ஆமாம், தங்கச்சி ஆடு இரண்டு, பாம்பு கடித்தது.

டாக்டரம்மா கைக்குழந்தையைப் பிடிப்பது போல என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க குடிக்கல. ஆனா தினமும் வாய் வழியா போயிருக்கு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு கவலை, இரண்டும் சேர்ந்து இருந்தன.

அங்கேயே, அந்த நடையிலேயே சொன்னார். அதைப் பாசி என்று சொன்னாலும் அது பாசி இல்லை. சயனோபாக்டீரியா என்ற கிருமி வகை. வெயிலில் செடி போலத் தானே சாப்பாடு செய்துகொள்ளும். அசையாத நல்ல தண்ணீர், வெயில், வயலிலிருந்து வடியும் உரம், வீடுகளின் சாக்கடை, சோப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பெருகிவிடும். அதற்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருப்பதால் மேலே மிதக்கும், காற்று தள்ளுகிற மூலையில் போய்ச் சேரும். எல்லா வகையும் விஷம் இல்லை. ஆனால் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற விஷத்தைச் செய்யும். அது போய் உட்காரும் இடம் கல்லீரல். காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. இதற்கென்று மாற்று மருந்து இல்லை. உள்ளே போவதை நிறுத்திவிட்டு, கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் துணையாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே வந்ததால் நின்றுவிட்டது, இனி இறங்கும் என்று நம்பலாம் என்றார்.

நான் அதில் பாதியைத்தான் கேட்டேன். மேற்கு மூலை என்ற வார்த்தை என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து கவரை எடுத்தேன்.

"வசந்தி" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த டீ கீழே கொட்டியது. அது பெண்கள் குளத்தில் இருக்கும் நேரம். அவர் வசந்திக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் கரையில் கூடைக்குள் வைத்துவிட்டுத்தான் எல்லோரும் இறங்குவார்கள். கனகாவின் போன் அணைந்திருந்தது. ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். பிறகு ஏகாம்பரம் அண்ணனுக்கு அடித்தார்.

எங்கள் ஊரில் கோயில் மேல் ஒலிபெருக்கி இருக்கிறது. ஊர்க்கூட்டம், புயல் எச்சரிக்கை, காணாமல் போன வலை எல்லாம் அதில்தான் சொல்வார்கள். மைக் ஏகாம்பரம் அண்ணன் பொறுப்பு. அந்தக் குரல் குளம், ஏரிக்கரை எல்லாம் கேட்கும்.

என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அவசரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சொன்னார். பச்சைத் தண்ணீர், விஷம், பறி, கல்லீரல். அந்தப் பக்கம் ஏகாம்பரம் அண்ணன் சிரிப்பது எனக்கே கேட்டது. போன தடவை மீன் வாங்கும் வேனில் ஐஸ்கட்டி சும்மா தருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னதை நம்பி மைக்கில் சொல்லி, ஊரே கூடை தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏமாந்திருக்கிறது. அதற்குப் பிறகு இவர் சொல்வதை மைக்கில் போடுவதில்லை என்று ஏகாம்பரம் அண்ணன் சாமி மேல் ஆணையிட்டிருந்தார்.

"டேய், ஊரே என்ன அடிக்க வந்தது உனக்கு மறந்துடுச்சா? உன் பேச்ச கேட்டு மைக்கத் தொடமாட்டேன். உன் பொண்டாட்டி வந்து சொல்லட்டும், போடறேன்" என்றார். சொல்லிவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் போனை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுகிறேன். வீட்டுக்காரர் நான் பிடுங்கினேன் என்கிறார்.

"அண்ணா, நான் மல்லிகா பேசறேன். மைக்கப் போடுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அவரிடம் பேசியதே இல்லை.

"நெஜமாவா தங்கச்சி?"

"எம்பொண்ணு அந்த மூலையில கீறா. போடுங்கண்ணா."

ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. உய்ங் என்று ஓர் இழுப்பு. பிறகு அவர், நான் சொன்னால் குழப்பிவிடுவேன், நீயே சொல்லிவிடு என்று சொல்லி, போனை மைக்குக்கு முன்னால் வைத்துவிட்டார்.

என் மூச்சு மைக்கில் போய், ஊரைச் சுற்றி, போன் வழியாக என் காதுக்கே திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய மூச்சு. பக்கத்துக் கட்டில் அம்மா உட்பட வார்டு வாசலுக்கு வந்துவிட்ட எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் செத்தே போயிருப்பேன்.

"வசந்தி, அம்மா பேசறேன். பறிய வாயிலருந்து எடு. எடுத்துட்டு மேல வா. கனகா, நீயும் வா. எல்லாரும் வாங்க. அந்தப் பச்சையில வெஷம் கீது. எனக்கு அதனாலதான் வந்துச்சு. நல்ல தண்ணியில வாயக் கழுவுங்க. எறாவ அப்படியே கொட்டிடுங்க, விக்காதீங்க, ஆக்காதீங்க. வசந்தி, எடுத்துட்டியாடி?"

பதில் வராது என்பது எனக்கு மறந்துவிட்டது. அதனால் எடுத்துட்டியா எடுத்துட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா மெதுவாக என் கையிலிருந்து போனை எடுத்து, அதே மைக்கில், குமட்டல், வயிற்றுவலி, வாய்ப்புண் இருக்கிறவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னார். பக்கத்துக் கட்டில் அம்மா கை தட்டினார்கள்.

குளத்தில் என்ன நடந்தது என்பதைக் கனகா வந்து சொன்னாள். இன்றைக்கும் சொல்கிறாள். குரல் வந்ததும் எல்லோரும் பறியைக் கடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார்களாம். யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. வசந்திக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் பறியைத் துப்பிவிட்டு, அது எங்க அம்மா என்று கத்தினாளாம்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றாள் கனகா. "அண்ணி செத்துப்போய் சாமியா வந்து பேசுதுனு நெனச்சேன். உசுரோட இருந்தா அது இவ்ளோ பேசாதே!"

சொல்லிவிட்டு என் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

வசந்தியை அன்றைக்கு மத்தியானமே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ரத்த ரிசல்ட்டுக்காகப் பெஞ்சு நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கான ரிசல்ட்டுக்கு நான் அப்படிக் காத்திருக்கவில்லை. எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறியிருந்தது. ஐ.என்.ஆர். சரியாக இருந்தது. டாக்டரம்மா தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினார். உதட்டில் வெடிப்பு, வயிற்றில் லேசான வலி, அவ்வளவுதான். எனக்கு எதிர்க் கட்டிலில் படுக்கவைத்துக் கவனித்துவிட்டு, தேறியதும் அனுப்பினார்கள். மற்ற பெண்கள் சிலருக்கும் வாய்ப்புண்ணும் பேதியும் இருந்தன. எல்லோரும் தேறினார்கள். எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு வந்தது என்றால், ஆடை கட்டிய மூலையில் எல்லோரையும்விட நான்தான் அதிக நாள், அதிக நேரம் இருந்தேன்.

குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அந்தப் படத்தை டாக்டரம்மா தன் போனில் எனக்குக் காட்டினார். மீன் சினை மாதிரி உருண்டை உருண்டையாகக் கொத்துக் கொத்தாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. நூற்றுக்கு நூறு அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ரத்தத்தில் அந்த விஷத்தைத் தேடிப் பார்க்கும் வசதி இங்கே இல்லை, ஆனால் மற்ற எல்லாக் காரணத்தையும் தள்ளியாயிற்று, தண்ணீரில் அந்த வகையே இருக்கிறது என்றார். எனக்கு அது போதும். பெயர் தெரியாமல் இருந்ததுதான் பெரிய பயம். பெயர் தெரிந்த பிறகு ராத்திரிகளில் தூக்கம் வந்தது.

என் ஐ.என்.ஆர். முதலில் ஏறாமல் நின்றது. பிறகு இறங்கியது. தினமும் காலையில் அந்த எண்ணைக் கேட்டு என் வீட்டுக்காரர் வார்டு முழுக்கக் கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்லிக்கொண்டு போவார். டிவி இருக்கிற வார்டுக்கு நான் போகவே இல்லை. ஒருநாள் எனக்குப் பசித்தது. கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றேன். அது கிடைக்கவில்லை, இட்லிதான் கிடைத்தது. ஆனால் நான் கேட்டுவிட்டேன் என்பதற்கே கனகா ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

வீடு திரும்பும் நாளில் டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மாத்திரைக் கவர் ஒரு கையில், துணிப்பை ஒரு கையில். டிஸ்சார்ஜ் தாளை அவர் நீட்டினார். என் முகம் தானாக முன்னால் போனது. நர்ஸ், வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டில் அம்மா எல்லோரும் ஒரே குரலில் "வாயில வேணாம்" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம், அந்தச் சிரிப்புத்தான் நான் சொல்லிவிட்டு வந்த நன்றி.

குளத்தங்கரையில் இப்போது பலகை வைத்திருக்கிறார்கள். குளத்தில் வந்து விழும் சாக்கடை வாய்க்காலைத் திருப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பச்சை குறைந்தது, மழையில் போனது, மறுபடி வெயில் வந்தால் வரலாம். யாரும் அதில் இறங்குவதில்லை. பச்சை ஏறினால் எறா ஏறும் என்று இப்போது யாராவது சொன்னால் கனகாவே அடிக்கப் போவாள்.

ஐப்பசிக் காற்றில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. கடல் உள்ளே வந்தது. ஏரியில் உப்பு ஏறியதும் எறாவும் வந்தது. டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு நானும் இறங்கினேன். பறியின் காதில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்துகொள்கிறோம். மிதப்பதற்குக் காலி பாட்டில் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். பல்லால் பிடிப்பது போல வசதி இல்லைதான், காலில் சுற்றிக்கொள்கிறது. ஆனால் எல்லோருக்கும் வாய் காலியாக இருக்கிறது. தண்ணீருக்குள்ளே ஒரே பேச்சு. நான் இப்போது மூலைக்குப் போவதில்லை, நடுவில் இருக்கிறேன்.

போன வாரம் வசந்தியின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அவள் தூரத்தில் இருந்தாள். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். பறியைத் தூக்கி வாயில் கவ்விக்கொண்டு முடிந்துகொண்டிருந்தாள். ஏரித் தண்ணீர்தான், உப்புத்தான், பச்சை இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும்.

"வசந்தி, வாயிலருந்து எடு!"

குரல் அக்கரை வரை போனது. படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வசந்தி பறியைச் சட்டென்று விட்டாள். அவளுக்கும் அப்பால், அந்தக் கோடியில் இருந்த கனகா பதறிப்போய்த் தன் வெறும் வாயைக் கையால் துடைத்துக்கொண்டாள்.